தொலைக்காட்சியின் துணையும் இரவு நித்திரையும்

மீள்குடியேறிய கிராமங்களில் நடக்கும் கூட்டங்களில் வீடு, கிணறு, காணி உறுதி, மலசலகூடம், வாழ்வாதாரக் கடன் என்று பல விடயங்கள் பேசப்படுகின்றன. "இரவில் நித்திரை வருகிறதா?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் பகல் வேலைகள் எல்லாம் இரவு நித்திரையில்தான் தங்கியிருக்கின்றன. நித்திரை இல்லாதவருக்குத் தோட்டத்தில் கை ஓடாது, பிள்ளைகளோடு பொறுமை இருக்காது, படிவத்தில் எழுதியிருப்பது மனதில் நிற்காது.

பல வீடுகளில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்து விடுகிறார்கள். சில வீடுகளில் அது விடியும்வரை ஓடுகிறது. உங்கள் வீடும் அப்படியென்றால் இந்தப் பாடம் உங்களுக்கானது. உடனே நிறுத்துங்கள் என்று இது சொல்லப் போவதில்லை. தொலைக்காட்சி உங்களுக்கு இரவில் என்ன உதவி செய்கிறது, அதற்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள், அந்த உதவியை வேறு எங்கே பெறலாம் என்ற மூன்றையும் பார்ப்போம்.

1. தொலைக்காட்சி இரவில் என்ன வேலை செய்கிறது?

நித்திரைக்குத் தொலைக்காட்சி தேவைப்படுவது சோம்பலோ கெட்ட பழக்கமோ அல்ல. அது உங்களுக்காக ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் பின்வரும் நான்கில் ஒன்றாகவோ பலவாகவோ அது இருக்கும்.

அ. அமைதியை உடைக்கிறது. நலன்புரி முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரவில் முழு அமைதி என்பதே இல்லை. அடுத்த கூடாரத்தில் குழந்தை அழும், பக்கத்தில் யாரோ இருமுவார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து சொந்தக் காணிக்கு வந்தவர்கள் பலர், பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாத இடங்களில் கொட்டில் போட்டார்கள். உறவினர் வீட்டில் நெருங்கி வாழ்ந்துவிட்டுப் பல வருடங்களின் பின் ஊர் திரும்பியவர்களுக்கும் இதே நிலைதான். போர்க்காலத்தில் சத்தம் திடீரென்று ஓய்ந்தால் அடுத்து என்ன வருமோ என்று காதைக் கூர்மையாக்கிப் பழகிய உடம்பு, இன்றும் அமைதியைக் கேட்டால் விழித்துக்கொள்கிறது. தொலைக்காட்சிச் சத்தம் அந்த உடம்புக்கு "ஒன்றும் இல்லை" என்று சொல்கிறது.

ஆ. யோசனையை மறைக்கிறது. பகலில் வேலை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். பாயில் சாய்ந்தவுடன்தான் இழந்தவர்களின் முகங்களும் கடன் கணக்கும் வரும். கதையும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தால் மனம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது.

இ. வெளிச்சம் தருகிறது. இருட்டில் கண் விழித்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் திடுக்கிடுபவர்களுக்கு அந்த வெளிச்சம் ஆறுதல்.

ஈ. காவல் நிற்கிறது. ஆண் துணையில்லாத வீடுகளில் இது முக்கியம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டால் வீட்டில் ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்று வெளியே போகிறவர் நினைப்பார். பல பெண்கள் இதற்காகவே தொலைக்காட்சியை அணைப்பதில்லை.

இந்த நான்கில் உங்களுக்கு உரியது எது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தொலைக்காட்சியை மட்டும் அணைத்தால் நித்திரை வராது. பயம்தான் வரும்.

2. அதற்கு நாம் கொடுக்கும் விலை

நித்திரை ஒரே சீராக ஓடுவதில்லை. ஆழ்ந்த நித்திரையும் மெல்லிய நித்திரையும் மாறி மாறி வரும். இப்படி ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடங்கள் செல்லும். ஓர் இரவில் நாலைந்து சுற்றுகள் வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நித்திரை மெல்லியதாகும். அந்த நேரத்தில் அறை அமைதியாக இருந்தால் புரண்டு படுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குள் போய்விடுவோம். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் விழிப்பு வருகிறது. விளம்பரம் வரும்போது சத்தம் கூடினாலும் அப்படித்தான். எட்டு மணித்தியாலம் படுத்திருந்தும் காலையில் உடம்பு அலுப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, வெளிச்சம். இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலற்றோனின் என்ற சுரப்பு கூடி, நித்திரைக்கு உடம்பை ஆயத்தப்படுத்துகிறது. திரையிலிருந்து வரும் நீலம் கலந்த வெளிச்சம் அந்தச் சுரப்பைத் தாமதப்படுத்தும். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கும் கைத்தொலைபேசிக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது எங்கள் மக்களுக்கு மிக முக்கியமானது. நீங்கள் பாட்டு நிகழ்ச்சியோடு கண்ணயர்ந்திருப்பீர்கள். நள்ளிரவுக்குப் பின் அதே அலைவரிசையில் சண்டைப்படம் ஓடும். வெடிச்சத்தமும் ஹெலிகொப்டர் சத்தமும் அலறலும் நித்திரையில் இருக்கும் காதுக்குள் போகும். நித்திரையில் இருக்கும் மூளைக்கு அது படம் என்று தெரியாது. பங்கருக்குள் இருந்த நாட்களைக் கண்டு, வியர்த்து, நெஞ்சு படபடக்க எழும்புகிறவர்களில் சிலருக்கு அந்தக் கனவைத் தொடக்கியது முன்னால் இருந்த பெட்டியாகவே இருக்கலாம். அமைதிக்காகப் போட்ட பொருளே பயத்தைக் கொண்டுவருகிறது.

நான்காவது, படுக்கும் இடம். தொலைக்காட்சிக்கு முன்னால் விறாந்தையிலோ மண்டபத்திலோ வெறும் பாயில் அப்படியே நித்திரையாகிவிடுகிறோம். நுளம்பு வலை அறைக்குள் தொங்கும். கட்டுவிரியன் பாம்பு இரவில் நடமாடுவது. நிலத்தில் நித்திரை கொள்பவர்களைத்தான் அது பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் அதிகம் இருக்காததால் கடித்ததே தெரியாமல் போகலாம். பின்னர் வயிற்றுநோவு வரும், கண் இமைகள் தானாகச் சரியும். அப்படியென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கட்டிலிலோ, விளிம்புகளைப் பாயின் கீழ் செருகிய வலைக்குள்ளோ படுப்பது நல்ல பாதுகாப்பு.

ஐந்தாவது, மின்கட்டணம். பழைய பெட்டி வடிவத் தொலைக்காட்சி ஒன்று ஏறத்தாழ 80 வாற்ஸ் மின்சாரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நித்திரையாக இருக்கும் 6 மணித்தியாலமும் அது ஓடினால் ஓர் இரவுக்கு அரை அலகு அளவில் போகும். மாதத்துக்கு 14 அல்லது 15 அலகு. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் 30, 60, 90 அலகு என்று படிப்படியாகக் கூடுவதால், இந்த 15 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். யாரும் பார்க்காத நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் காசு இது.

இடி மின்னல் காலத்தையும் மறக்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களிலும் இரவிலும் மின்னல் அதிகம். அந்த நாட்களில் தொலைக்காட்சியின் மின் இணைப்பையும் அன்ரனா வயரையும் கழற்றிவிட்டுப் படுப்பதே பாதுகாப்பு.

3. மூன்று இரவுகள் கவனியுங்கள்

எதையும் மாற்ற முன்னர், பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் மூன்று நாட்களுக்கு இவற்றை மட்டும் எழுதுங்கள்.

• எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்?
• இரவில் எத்தனை தடவை விழிப்பு வந்தது?
• விழித்தபோது தொலைக்காட்சியில் என்ன ஓடியது?
• பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேநீர், கோப்பி குடித்தீர்களா? புகையிலை, வெற்றிலை, மது பாவித்தீர்களா?
• காலையில் உடம்பு எப்படி இருந்தது?

எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். மூன்றாம் நாள் அதைப் பார்த்தால் உங்கள் நித்திரையை உடைப்பது எது என்று ஓரளவு விளங்கும்.

இங்கே ஒரு விடயம். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபேன் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். குடித்து ஐந்து மணித்தியாலம் கழிந்த பின்னும் அதில் பாதியளவு உடம்பில் இருக்கும். கசிப்போ சாராயமோ குடித்தால் நித்திரை விரைவாக வருவது உண்மைதான். ஆனால் இரவின் பின்பாதியில் அதுவே நித்திரையைக் கலைக்கும், கெட்ட கனவையும் கூட்டும்.

4. அந்த வேலையை வேறு ஒன்றிடம் கொடுப்போம்

அமைதிதான் பிரச்சினையென்றால்: வானொலியைத் தாழ்ந்த சத்தத்தில் வையுங்கள். திரை வெளிச்சம் இல்லாததால் அது தொலைக்காட்சியை விட நல்லது. கைத்தொலைபேசியில் பக்திப் பாடல்களோ வாத்திய இசையோ இருந்தால், திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கலாம். மின்விசிறியின் சத்தமே சிலருக்குப் போதும்.

யோசனைதான் பிரச்சினையென்றால்: யோசிப்பதற்கென்று பின்னேரத்தில் 20 நிமிடம் ஒதுக்குங்கள். மனதில் உள்ளதைக் கொப்பியில் எழுதுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள். நாளைக்குச் செய்யக்கூடியது எது, என் கையில் இல்லாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் அதே யோசனை வந்தால் "இதற்கு நாளைப் பின்னேரம் நேரம் இருக்கிறது" என்று மனதுக்குச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் மனம் கேட்காது. பழகப் பழகக் கேட்கும். தேவாரம், செபமாலை, திக்ர் என்று உங்கள் வழிபாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லும் எதுவும் மனதுக்குப் பிடிமானம் தரும்.

வெளிச்சம்தான் தேவையென்றால்: மஞ்சள் நிறமான சிறிய இரவு மின்குமிழ் ஒன்றைக் கண்ணில் நேரே படாதபடி வையுங்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் சூரியசக்தி விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைக்கலாம். குப்பி விளக்கை எரியவிட்டபடி நித்திரை கொள்ள வேண்டாம். ஓலையும் தறப்பாளும் உள்ள கொட்டிலில் அது பெரிய ஆபத்து.

காவல்தான் தேவையென்றால்: படுக்க முன்னர் ஒரே ஒழுங்கில் கதவுத் தாழ்ப்பாள், யன்னல், பின்கதவு என்று ஒருமுறை சரிபார்த்து, "பூட்டியாயிற்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விளக்கை வீட்டுக்கு உள்ளே அல்ல, வெளியே எரியவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு பேசி, அவசரமென்றால் யார் யாரை அழைப்பது என்று முடிவுசெய்யுங்கள். ரோச் லைட்டும் தொலைபேசியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உண்மையான தொல்லை ஏதும் இருந்தால் அதை மனப்பயம் என்று ஒதுக்க வேண்டாம். கிராம அலுவலருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் சொல்லுங்கள். தொலைக்காட்சி ஓடும் வீட்டில் வெளியே நடப்பது உள்ளே கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள். யானை வரும் ஊர்களில் இது உயிர்ப் பிரச்சினை.

காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. "அவர் இரவில் வந்தால் வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது" என்று வெளிச்சமும் சத்தமும் வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. படலையடியில் ஒரு விளக்கு எரியட்டும். ஆனால் நீங்கள் நித்திரை கொள்வது அவரை மறப்பது ஆகாது. தேடுவதற்கும் அலுவலகங்களுக்கு அலைவதற்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் உங்கள் உடம்பு வேண்டும்.

5. நான்கு வாரங்களில் படிப்படியாக

முதலாம் வாரம்: தொலைக்காட்சியை நிறுத்த வேண்டாம். நேரத்தை மட்டும் கட்டுங்கள். பல ரிமோட்களில் "ஸ்லீப்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி 60 நிமிடம் என்று வைத்தால் தொலைக்காட்சி தானாக அணையும். அது இல்லையென்றால் கடைசியாகப் படுப்பவர் அணைக்கட்டும். செய்தியும் சண்டைப்படமும் படுக்கும் நேரத்தில் வேண்டாம்.

இரண்டாம் வாரம்: படத்தை விட்டுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போய்ப் படுத்து, வெளியே ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். அல்லது வானொலிக்கு மாறுங்கள். தொலைக்காட்சியைத் துணியால் மூடிவிட்டு ஓடவிட வேண்டாம், அது சூடேறும்.

மூன்றாம் வாரம்: நேரத்தை 30 நிமிடமாகவும் பின்னர் 15 நிமிடமாகவும் குறையுங்கள்.

நான்காம் வாரம்: படுக்கைக்குப் போக முன்னரே அணையுங்கள். மேலே நீங்கள் தெரிந்தெடுத்த மாற்றுவழி கூடவே இருக்கட்டும்.

ஒரு வாரம் சரிவராவிட்டால் அதே படியில் இன்னொரு வாரம் நில்லுங்கள். இழப்பு நடந்த திகதி, மே மாதத்து நாட்கள், கோவில் திருவிழா வெடி, பெருமழை இரவு என்று சில நாட்கள் கடினமாக இருக்கும். அன்று ஒரு படி பின்னால் போவது தோல்வி அல்ல.

இந்த நான்கு வாரமும் ஒரு பழக்கத்தை விடாமல் பிடியுங்கள். இரவு எப்படி இருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்பி வெளிச்சத்துக்கு வாருங்கள். படுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது கடினம், எழும்பும் நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். பகலில் படுப்பதென்றால் அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இரவுத் தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளர் இதற்கு விதிவிலக்கு. அவர்கள் பகலில் இருட்டான, அமைதியான இடத்தில் முழு நித்திரை கொள்ள வீட்டார் உதவ வேண்டும்.

6. நடு இரவில் விழிப்பு வந்தால்

கெட்ட கனவில் எழும்பினால் முதலில் இருந்துகொள்ளுங்கள். இரண்டு பாதங்களையும் நிலத்தில் ஊன்றுங்கள். சின்ன விளக்கைப் போட்டு, அறையில் உள்ள மூன்று பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். "இது என் வீடு. இது 2009 அல்ல. பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள்" என்று உங்கள் நிலைமைக்கு ஏற்றபடி வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

பிறகு மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை உள்ளே எடுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். கண்ணை மூடினால் பயம் வருபவர்கள் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம்.

இருபது நிமிடம் அளவில் நித்திரை வராவிட்டால் பாயில் புரண்டுகொண்டிருக்க வேண்டாம். எழும்பி, மங்கலான வெளிச்சத்தில் உடுப்பு மடிப்பது போன்ற அலுப்பூட்டும் வேலை ஒன்றைச் செய்யுங்கள். கண் சொக்கியதும் திரும்பிப் படுங்கள். மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம்.

7. பிள்ளைகளும் அதே அறையில்

ஒரே அறை உள்ள வீட்டில் பெரியவர்களின் தொலைக்காட்சி பிள்ளைகளின் தொலைக்காட்சியும்தான். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணித்தியால நித்திரை வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12, 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10. காலை 6 மணிக்குப் பாடசாலைக்கு எழும்ப வேண்டிய பத்து வயதுப் பிள்ளை இரவு 9 மணிக்காவது நித்திரையாக வேண்டும். நித்திரை குறைந்த பிள்ளை வகுப்பில் தூங்கி விழும், அல்லது காரணமில்லாமல் சண்டை பிடிக்கும். அதைக் குழப்படி என்று அடிக்க முன்னர் அதன் நித்திரையைக் கணக்குப் பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பதிலாக அம்மம்மாவோ அப்பப்பாவோ கதை சொல்லட்டும். சொல்பவருக்கும் அது நல்லது.

8. எப்போது உதவி தேட வேண்டும்?

பின்வருவனவற்றில் ஏதாவது ஒன்று மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரைச் சந்தியுங்கள்: கிழமையில் பல இரவுகள் நித்திரையின்மை, அடிக்கடி கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், எதிலும் விருப்பமின்மை, குடி கூடுதல். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள், அது வேறு நோய்.

அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் அழைத்துப் பேசலாம். உளநலப் பிரிவுக்குப் போவதை "விசர்" என்று சொல்வோருக்குப் பயப்பட வேண்டாம். நித்திரை இல்லை என்று வைத்தியரிடம் சொல்வது, காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றதுதான். பக்கத்து வீட்டாரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போட வேண்டாம். வைத்தியர் தந்த குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மதுவோடு சேர்த்து எடுப்பது உயிருக்கு ஆபத்து.

கூடிப் பேசுவதற்கு

உங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. எங்கள் ஊரில் இரவில் தனியாக இருக்கும் வீடுகள் எவை? அவர்களுக்கு அவசரத்தில் யார் போவது?
2. எந்த ஒழுங்கையில் தெரு விளக்கு வேண்டும்? அதைப் பிரதேச சபையிடம் யார் எழுதிக் கேட்பது?
3. நித்திரை இல்லாத ஒருவரை நாங்கள் கேலி செய்கிறோமா, கேட்கிறோமா?

இன்றிரவு ஒன்றை மட்டும் செய்யுங்கள். தொலைக்காட்சி அணைய ஒரு நேரத்தை வைத்துவிட்டு, வலைக்குள் போய்ப் படுங்கள். மற்றதை நாளைக்குப் பார்க்கலாம்.